கடலுக்குப் போகாத கப்பலின் சுக்கான்

கொரியா
2024 செப்டம்பர் 18

அன்புள்ள றுகையா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உடம்புக்குச் சுகம். நீங்களும் மகள் பஹ்மிதாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் எழுதுங்கள். "நல்லா இரிக்கம்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட வேண்டாம்.

போனில் கதைத்தால் நீங்கள் அழுகிறீர்கள், நான் அழுகிறேன், வீட்டுக்கு வந்திருக்கிற சாய்ந்தமருதுச் சனம் முழுக்கச் சேர்ந்து அழுகிறது. ஒன்றும் கதைக்க முடியவில்லை. அதனால் இப்படிச் செய்வோம். தாளில் எழுதிப் பஹ்மிதாவிடம் கொடுங்கள். அவள் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடட்டும். நானும் எழுதியே போடுகிறேன். பகலில் எங்கள் போனை வேலைத்தள வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். கடற்படைச் சாமானைப் படம் எடுக்கக் கூடாதாம்.

றஊப் மச்சானின் வள்ளம் போய் இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். எந்தப் பக்கம் தேடுகிறார்கள்? கடைசியாக ஐந்தாம் திகதி றேடியோவில் கதைத்தபோது வள்ளத்தைப் பற்றி ஏதும் சொன்னாரா?

என் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முப்பது வருடம் கடலுக்கு அடியில் ஓடிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை ஓய்வு கொடுத்துக் கரைக்கு இழுத்து வந்து, கொங்கிறீட் கட்டைகளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதை நூதனசாலை ஆக்குகிறோம். உள்ளே போக மேலே ஒரு துளையும் ஏணியும்தான் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சக்கர நாற்காலிக்காரரும் ஏணியில் இறங்க முடியுமா? அதனால் பக்கவாட்டில் இரண்டு கதவு வெட்டினோம். கடல் அமுக்கினாலும் நெளியாத இரும்பு. ஒரு கதவுக்கு நாலு நாள் பிடித்தது.

மச்சானுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி ஜவாத்


சாய்ந்தமருது
2024 செப்டம்பர் 20

தம்பி ஜவாத்துக்கு ராத்தா எழுதுவது,

வஅலைக்கும் ஸலாம். சாப்பிடுகிறேன். பஹ்மிதாவும் சாப்பிடுகிறாள். தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ அந்த இரும்புக்குள் மூச்சு முட்டாமல் இருக்கிறாயா?

தேடுதலை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். கடைசியாக றேடியோவில் கதைத்த இடத்தைச் சுற்றிப் பத்து நாள் பார்த்தார்கள். ஆறாம் திகதி அந்தப் பக்கம் பெருங்காற்றும் மழையுமாம். வள்ளம் தாழ்ந்துவிட்டது என்பதுதான் எல்லோருடைய முடிவும். மச்சான் வள்ளத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "ஐஸ் போதும், மீன் போதாது, இன்னும் வெளியே போறம்" என்றாராம். அவ்வளவுதான்.

சுபைறா மாமி நேற்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "புள்ள, என்ட மகனை நான் அல்லாஹ்விட ஒப்படைச்சிட்டன், நீயும் ஒப்படை" என்றார். வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, உடல் கிடைக்காமலே மச்சானுக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகை வைக்க வேண்டும் என்று கேட்கிறார். பெற்ற வயிறு, அவர் எப்படியாவது ஆறுதல் தேடத்தான் செய்வார். ஆனால் ஜவாத், தொழுகை வைத்தால் நான் விதவை. அந்த நிமிடத்திலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தா இருக்க வேண்டும். மௌத்து உண்மை என்றால் அது என் கடமை, ஒருவர் சொல்லத் தேவையில்லை, நானே இருப்பேன். ஆனால் உண்மையா என்று யாருக்குத் தெரியும்? நான் வீட்டுக்குள் இருந்தால் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது யார்? நான் "மாமி, ஒப்படைக்கிறத்துக்கு முந்தித் தேடோணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வள்ளத்தில் போன மற்றவன் பாண்டிருப்பு டிலக்சன். அவனுடைய தாய் செல்லத்தங்கம் அக்கா தினமும் காலையில் பஸ் ஏறி இங்கே வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மீன்பிடி அலுவலகத்துக்குப் போகிறோம். அவர் குங்குமமும் நான் ஹபாயாவுமாய்ப் போய் நிற்கும்போது வாசல் காவலாளியே கதிரை எடுத்துப் போடுகிறான்.

அங்கே ஒன்று கேட்டார்கள். கடைசியாக வள்ளத்தில் என்ன திருத்தம் நடந்தது? நீ லீவில் வந்து திரும்பிப் போகும் நாள் சுக்கான் பக்கம் ஏதோ வெல்டிங் ஒட்டினாய் என்று மச்சான் சொன்ன ஞாபகம். அது என்ன வேலை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

றுகையா


கொரியா
2024 செப்டம்பர் 22

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. பஹ்மிதா தாளை நிழல் விழாமல் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. நான் சுகம். உங்கள் தலையிடிக் குளிசை முடிந்திருந்தால் கடைக்கு அனுப்பி எடுங்கள், வைத்துப் பார்க்க வேண்டாம்.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. இந்தக் கப்பலில் முந்தி சமையல்காரராக இருந்த ஒருவர் ஆலோசனை சொல்ல வருகிறார். எழுபது வயது இருக்கும், வாய் மட்டும் இருபது. தன்னுடைய குசினியில் சட்டி தொங்கின ஆணி இரண்டு விரல் தள்ளி அடித்திருக்கிறதாம். அரைநாள் சண்டை. நாற்பது பேருக்குச் சமைத்த இடம் நம் வீட்டுக் குளியலறை அளவுதான். கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இருக்கின்றன, அதுவும் ஆளுக்கு ஒன்று இல்லை, ஒருவர் எழும்ப மற்றவர் படுக்க வேண்டும். வெளிச்சம், காற்று எல்லாம் நாங்கள் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறோம். ஆனால் டீசல் மணத்தைப் போக்கக் கூடாது என்று சமையல்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மணம் போனால் பொய்யாம்.

அடுத்த கிழமை பின்பக்கம் வேலை. சுக்கானை நேரே நிறுத்தி அசையாமல் ஒட்டிவிட வேண்டும்.

மச்சானின் வள்ளத்தில் நான் செய்தது சின்ன வேலை. ஒன்றுமில்லை. ஆபீசில் அப்படியே சொல்லுங்கள்.

மாமியோடு கோபிக்க வேண்டாம்.

தம்பி ஜவாத்


சாய்ந்தமருது
2024 செப்டம்பர் 25

தம்பி ஜவாத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். சமையல்காரர் கதையைச் செல்லத்தங்கம் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். இத்தனை நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை இன்றைக்குத்தான் கண்டேன்.

உன் கடிதத்தில் சட்டி தொங்குகிற ஆணிக்கு ஒரு பந்தி. நான் கேட்ட கேள்விக்கு ஒரு சொல். நான் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஜவாத். நீ எப்போது அதிகம் கதைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன், கவனமாக வாசி. மாளிகைக்காட்டுச் சம்மாட்டி சாஜித் காக்கா நேற்று வந்தார். அவருக்கும் இரண்டு ஆழ்கடல் வள்ளம் ஓடுகிறது. அவர் சொன்னது இது: "காத்துல வள்ளம் பிரண்டிருந்தா, பிரண்டதுதான், அல்லாஹ் போதுமானவன். ஆனா சுக்கான் உடைஞ்சு போயிருந்தா வள்ளம் தாழாது. திருப்ப ஏலாம, எண்ணெயும் முடிஞ்சு, சும்மா மிதக்கும். மேக்கால வீசுற இந்தக் கச்சான் காத்துக்கு அது கிழக்க, அந்தமான் பக்கம்தான் இழுபடும். அங்க ஒருத்தரும் தேடல்ல. சுக்கான்ல ஒரு குறை இரிந்திச்சு எண்டு உறுதியாத் தெரிஞ்சா என்ட வள்ளம் ரெண்டையும் கிழக்க விடுறன். ஆபீசும் அந்தப் பக்கம் போற கப்பலுகளுக்குச் சொல்லும். தெரியாம எங்கெண்டு தேடுற?"

விளங்குகிறதா? நல்ல ஒட்டு என்றால் என் மனிசன் கடலடியில். கூடாத ஒட்டு என்றால் அவர் எங்கோ உயிரோடு மிதக்கிறார். உன்னைக் குற்றம் சொல்ல நான் கேட்கவில்லை. அந்த ஒட்டு விடுமா, விடாதா? ஓம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

காயிப் ஜனாஸா வருகிற ஒக்டோபர் நாலாம் திகதி ஜும்ஆவுக்கு என்று வைத்துவிட்டார்கள். ஒன்பது நாள் இருக்கிறது.

கையைச் சுட்டுக்கொள்ளாமல் வேலை செய்.

றுகையா


சாய்ந்தமருது
2024 ஒக்டோபர் 1

ஜவாத்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாகத்தான் இருக்கிறாய். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற மருதமுனைப் பொடியனுடைய உம்மாவிடம் கேட்டு அறிந்துகொண்டேன்.

என் கடிதத்துக்கு இரண்டு நீலச் சரி விழுந்து ஆறு நாள். கோல் எடுத்தால் எடுக்கிறாய் இல்லை. நீ வாசித்துவிட்டாய் என்று அந்தப் போனே சொல்கிறது. நாளை மறுநாள் வியாழன். அதற்கடுத்த நாள் தொழுகை.

றுகையா


கொரியா
2024 ஒக்டோபர் 6

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை.

விடும். அந்த ஒட்டு விடும்.

சுக்கான் தண்டைப் பிடிக்கிற கொழுவியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. நான் திரும்பிப் போகிற நாள் காலையில் மச்சான் காட்டினார். கடற்கரையில் வெல்டிங் கம்பிப் பெட்டி கடற்காற்றில் வாய் திறந்தபடி எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. ஈரம் குடித்த கம்பியால் ஒட்டினால் மேலே அழகாக இருக்கும், உள்ளே குமிழி விழுந்து வெடிக்கும். இங்கே கம்பியை அடுப்பில் காய வைத்துத்தான் கையில் தருவார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஒட்டினேன். நீங்கள் எனக்காகப் புரியாணி ஆக்கி வைத்துக்கொண்டு ஆறுகிறது, வா, வா என்று கோல் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஊர் வேலைதானே, இவ்வளவு காணும் என்று நினைத்தேன். வெடிப்பைத் தோண்டி எடுக்கவும் இல்லை, அதற்கு மேலேயே ஒட்டி, சூடு ஆறுமுன் பெயின்ட் அடித்துவிட்டேன். மச்சான், "பலம்தானே?" என்று கேட்டார். "பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவல்ல" என்றேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத இருந்தேன். எழுதினால் மச்சானைக் கொன்றவன் நான் என்று என் கையாலேயே எழுதியதாகிவிடும் என்று பயந்தேன். அவர் மிதந்துகொண்டிருக்கலாம் என்று நீங்கள் எழுதியதைக்கூட என் பயம் வாசிக்க விடவில்லை. என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? இந்தக் கப்பலின் சுக்கானை ஒட்டி முடித்தேன். மேற்பார்வையாளர் சிவப்பு மை பூசித் துடைத்துப் பார்த்தார். மயிர் அளவு ஒரு கோடு தெரிந்தது. முழுக்கத் தோண்டி எடுத்துத் திரும்ப ஒட்டச் சொன்னார். "இது இனிக் கடலுக்குப் போகாத கப்பல், ஏன் இவ்வளவு?" என்று கேட்டேன். "இதுக்குக் கீழே பிள்ளைகள் நடப்பார்கள்" என்றார். தோண்டினேன். கம்பியைக் காய வைத்தேன். ஆறு மணித்தியாலம் குந்தியிருந்து திரும்ப ஒட்டினேன். சிவப்புக் கோடு வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கொரியாக்காரன் வேடிக்கை பார்க்கிற சுக்கானுக்கு ஒரு ஒட்டு, என் மச்சான் நடுக்கடலுக்குப் போகிற சுக்கானுக்கு ஒரு ஒட்டு. இரண்டும் இந்தக் கைதான்.

ஆபீசில் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம்.

ஜவாத்


சாய்ந்தமருது
2024 ஒக்டோபர் 8

ஜவாத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் நடமாடுகிறோம்.

உன்னோடு கோபப்பட எனக்கு இப்போது நேரமில்லை. அதைப் பிறகு வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த உடனேயே பஹ்மிதாவைக் கொண்டு அதைத் தாளில் எடுப்பித்து, சாஜித் காக்கா வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் வாசித்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். நேற்று ஆபீசுக்கும் போனோம். அந்தமான் பக்கம் போகிற கப்பல்களுக்கு அறிவித்தல் போயிருக்கிறது. சாஜித் காக்காவின் இரண்டு வள்ளமும் இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கிழக்கே போய்விட்டன.

நாலாம் திகதித் தொழுகை நடக்கவில்லை. நீ மௌனமாக இருந்தாய் என்பதற்காக நான் சும்மா இருப்பேனா? வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு செல்லத்தங்கம் அக்காவையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனேன். "ஒரே வள்ளத்துல ரெண்டு பேர் போன. நீங்க நாளைக்கு றஊப்புக்கு ஜனாஸாத் தொழுதா, இந்தத் தாய்க்கு அவட மகன் மௌத்து எண்டு சொல்றதாகும். அத இப்ப இவட முகத்தப் பாத்து ஆர் சொல்ற?" என்று கேட்டேன். தலைவர் "உறுதியாகும் வரைக்கும் வைக்கல்ல, புள்ள" என்றார். மாமி அழுதார். பிறகு அவரே வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

செல்லத்தங்கம் அக்காவுக்குச் சுக்கான் விசயத்தைச் சொன்னேன். அவர் நம்பிக்கையில் முகமெல்லாம் மலர்ந்து, "அப்ப மிதக்கிறாங்க!" என்றார். ஒட்டினவன் யார் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நாள் மறைத்தாய் என்பதையும் நான் சொல்லவில்லை.

றுகையா


சாய்ந்தமருது
2024 ஒக்டோபர் 24

ஜவாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் உயிரோடு இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

பத்தொன்பதாம் திகதி, அறிவித்தலைக் கேட்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் வள்ளத்தைக் கண்டிருக்கிறது. அந்தமானில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நேற்று பத்து நிமிடம் போனில் கதைத்தேன். குரலைவிட மூச்சுத்தான் அதிகம் வந்தது. சுக்கான் செப்டம்பர் ஆறாம் திகதிக் காற்றில் போயிருக்கிறது. கொழுவியில்தான். றேடியோவும் அந்த மழையில் பழுதாகிவிட்டதாம். பிடித்த மீனையும் ஐஸ் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

டிலக்சன் இல்லை. பதின்மூன்றாம் திகதி விடியற்காலை அவன் எழும்பவில்லை. மச்சான் ஒரு நாள் முழுக்க அவனை மடியில் வைத்திருந்தாராம். பிறகு தன்னுடைய சாரத்தால் சுற்றிக் கடலில் விட்டிருக்கிறார். அவனுடைய சமயத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், அவன் வள்ளத்தில் ஏறும்போது சொல்கிற முருகா, முருகா என்பதைத் தானே சொன்னாராம். இதைச் சொல்லும்போது போனை வைத்துவிட்டார்.

இனி நான் எழுதுவதை நீ இருந்து வாசி. செப்டம்பர் இருபத்தைந்தில் நான் கேட்டேன். ஒக்டோபர் ஆறில் நீ சொன்னாய். பதினொரு நாள். நீ சொல்லிப் பதின்மூன்றாம் நாள் வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். டிலக்சன் போனது அதற்கு ஆறு நாள் முந்தி. கணக்கை நான் போடவில்லை, நீயே போடு. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இருந்திருக்கலாம் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

எனக்கு மனிசன் கிடைத்தார். அதற்காக உன்னை இன்றைக்கே மன்னித்துவிட மனம் ஓடுகிறது. அந்த அவசரம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்னோடு நாற்பது நாளுக்கு மேல் பஸ்ஸில் வந்த மனிசி இன்றைக்கு எழும்பாமல் படுத்திருக்கிறார். அவருக்கு இந்தப் பதினொரு நாள் தெரியாது. அதை நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீ.

றுகையா


கொரியா
2024 நவம்பர் 2

மதிப்புக்குரிய செல்லத்தங்கம் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. நான் றுகையாவின் தம்பி ஜவாத். நானும் டிலக்சனும் ஒருமுறைதான் சந்தித்தோம். நான் சுக்கானை ஒட்டிய அன்று அவர்தான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணன், கொரியா வேலையெண்டா வேலைதான்" என்று சொன்னார்.

அது கொரியா வேலை இல்லை அம்மா. ஈரக் கம்பியால், வெடிப்பைத் தோண்டாமல், அவசரத்தில் செய்த வேலை. கடலில் உடைந்தது அதுதான். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அந்த ஒட்டு விடுமா என்று ராத்தா கேட்டபோது, தெரிந்திருந்தும் பதினொரு நாள் பதில் எழுதவில்லை. பயத்தில். நான் பேசாமல் இருந்த அந்தப் பதினொரு நாளும் அவர்களை ஒருவரும் சரியான இடத்தில் தேடவில்லை. ராத்தா உங்களிடம் இதை மறைத்தது எனக்காக அல்ல, நானே சொல்ல வேண்டும் என்பதற்காக.

எங்கள் கப்பல் வேலை முடிந்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் திறப்பு விழா. நான் அதற்கு நிற்கவில்லை. லீவு கேட்டுவிட்டேன், தராவிட்டால் வேலையை விட்டு வருவேன். பாண்டிருப்புக்கு வந்து உங்கள் முன்னால் நின்று இதை என் வாயால் சொல்வேன். நீங்கள் படலையைத் திறக்காவிட்டால் வெளியில் நின்று சொல்வேன். ஏசினால் கேட்பேன். பொலிசுக்குச் சொன்னால் அங்கேயும் வந்து இதையே சொல்வேன்.

இப்படிக்கு,
ஜவாத்


பாண்டிருப்பு
2024 நவம்பர் 9

ஜவாத் அண்ணனுக்கு,

நான் டிலக்சனின் தங்கச்சி யசோதினி. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவ சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"தம்பி, உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டன். றஊப் தம்பி வந்திட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டோட நேர இஞ்சதான் வந்தவர். வீட்டுக்குக் கூடப் போகல்ல. கடலுக்குள்ள நடந்ததெல்லாம் சொன்னவர். என்ட புள்ள கடைசியா என்ன கேட்டவன், எப்ப சிரிச்சவன் எண்டெல்லாம் சொன்னவர்.

மன்னிச்சிட்டன் எண்டு எழுதச் சொல்லி றுகையா கேக்கல்ல. நானும் எழுதல்ல. அது வருமோ வராதோ எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் திகதி முப்பத்தோராம் நாள் கிரியை. அது முடியட்டும். பிறகு வாங்க. படலை திறந்துதான் கிடக்கும், வெளிய நிக்கத் தேவல்ல. வந்து எனக்கு முன்னால இருந்து, அந்தப் பதினொரு நாளையும் ஒவ்வொண்டாச் சொல்லுங்க. முதலாம் நாள் காலமை என்ன செய்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, மழை பெய்ததா, ஆரோட கதைச்சீங்க. ஒரு நாளையும் விடாதீங்க. அந்தப் பதினொரு நாளும் என்ட புள்ள உயிரோட இருந்தவன். நான் கேக்கோணும்."

இப்படிக்கு,
செல்லத்தங்கம்